"ஐயா முகாம்ல இருந்தாராமே?" – ஜப்பான் காலம் பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர்ப் பக்கம் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பெட்டகத்திலிருந்து பேரேடும் முறியும் கடுதாசியும் மூட்டையாக வரும். எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். படித்து முடித்துக் காபி வரும் நேரத்தில் யாராவது ஒருவர் ஜப்பான் காலத்துப் பேச்சை, அதாவது இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் கையில் இருந்தபோது அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நம் ஆட்கள் பட்ட பாட்டை, எடுத்துவிடுவார். பத்து வீட்டில் எட்டு வீட்டில் அதே கேள்விகள். ஒவ்வொரு முகப்பிலும் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஐயா என்றால் எங்கள் பக்கம் தாத்தா, ஆயா என்றால் பாட்டி.

எங்க ஐயா மலாயாவுல முகாம்ல இருந்தாருன்னு சொல்லிச் சொல்லித்தான் வளந்தோம். அது என்ன முகாம்?

நம் வீடுகளில் "கேம்பு" என்ற ஒரே சொல்லை நாலு வெவ்வேறு இடங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, எதிரி நாட்டுக் குடிமக்கள் என்று ஜப்பானியர் அடைத்து வைத்த தடுப்பு முகாம். சிங்கப்பூரின் சாங்கி சிறை அப்படிப்பட்டது. இரண்டு, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கூட்டிப்போன கூலிகளின் முகாம். மூன்று, இந்திய தேசிய ராணுவத்தின் பயிற்சி முகாம். நாலு, 1942-ல் பர்மாவை விட்டு ஓடிவந்தவர்கள் வழியில் தங்கிய அகதி முகாம்.

ஊரையும் வருஷத்தையும் விசாரித்தாலே பாதி விளங்கிவிடும். பர்மா, 1942 என்றால் அநேகமாக நாலாவது. ரப்பர்த் தோட்டத்து ஆள், 1943 என்றால் இரண்டாவதாக இருக்கலாம். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், காக்கி உடுப்பில் ஒரு படமும் இருக்கிறது என்றால் மூன்றாவது. முகாம் என்றதும் நம் மனத்தில் வருகிற முள்வேலிக்கும் சிறைச் சுவருக்கும் உரியது முதலாவதுதான். நம் ஆட்கள் மிகக் குறைவாக இருந்ததும் அதில்தான். கேள்வி அதிகம் வருவது அதைப் பற்றி என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

அப்ப செட்டியார்களை ஜப்பான்காரன் சிறையில போடவே இல்லையா?

இனமாகப் பார்த்துப் போடவில்லை. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் எல்லாம் எதிரிகள் என்று உள்ளே போனார்கள். 1943-ல் யூதர்களையும் யுரேசியர் பலரையும் சேர்த்தார்கள். இந்தியர்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்பது ஜப்பானியர் கணக்கு. அதனால் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் கடை வைத்துத் தங்கியிருந்த கட்டிடத்தில், இருந்தவர்கள் கிட்டங்கியிலேயே இருந்தார்கள். தனிப்பட்ட ஆளைக் கெம்பித்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ், தூக்கிப்போனது வேறு கதை. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

ஆனாலும் ஊருக்குத் திரும்ப முடியாது. கப்பல் இல்லை. மூணு வருஷச் சம்பளச் சீட்டில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து கடை நடத்த, போன மேலாளும் (கடை ஏஜெண்டு) அடுத்தாளும் (அவர் உதவியாள்) அந்தக் கெடு முடிந்து வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். போகும்போது தொட்டிலில் விட்டுப்போன பிள்ளை, திரும்பும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

காரைக்குடி மகால்லதான் வெள்ளைக்காரங்களை மொதல்ல அடைச்சாங்களாமே, நிஜமா?

இதை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், மூன்று பேருமே பெருமையாக. அது காரைக்குடி இல்லை, காரைக்கால். காரைக்காலிலிருந்து போய் மாட்டு வியாபாரத்தில் பெரிய ஆளான மூனா காதர் சுல்தான் சிங்கப்பூர் கத்தோங்கில் கட்டிய மாளிகைக்குக் காரைக்கால் மகால் என்று பெயர். ஊர் விழுந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, வெள்ளைக்காரக் குடிமக்களைப் பாடாங் மைதானத்தில் கூட்டி, கத்தோங் வரை வெயிலில் நடத்திப்போனார்கள். ஆண்களில் ஒரு பகுதியினரை அந்த மகாலிலும், மற்றவர்களைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும் வீடுகளிலும் வைத்தார்கள். மார்ச் மாத முதல் பாதியில் எல்லோரும் சாங்கி சிறைக்கு மாற்றப்பட்டார்கள்.

ஜெயில்னா ஜெயில்தானே. உள்ள எப்படி இருந்தாங்க?

சாங்கி சிறையைக் கட்டியது பிரிட்டிஷ்காரர்கள்தான், 1936-ல், சுமார் 600 கைதிகளுக்கு. தாங்கள் கட்டிய சிறையில் அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். ஆரம்பத்திலேயே ஆண்கள் 2,000-க்கு மேல், பெண்களும் பிள்ளைகளும் 400 பேர் போல. ஓர் ஆளுக்கான அறையில் மூன்று பேர். நடுவில் படுக்கைக்கென்று கட்டிய சிமெண்டு மேடை, மூலையில் குத்தவைக்கும் கக்கூஸ். ஒருவர் மேடையில் படுத்தால் மற்ற இருவர் இரு பக்கமும் தரையில். நம் வளவுவீட்டு இரட்டை அறைகளில் உள்ளறையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதியை நினைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலை மறந்துவிடுங்கள்.

கடிகாரமும் மாறிப்போனது. சிங்கப்பூருக்கு சியோனான் என்று பெயர் வைத்து டோக்கியோ நேரத்தைப் புகுத்தியதால் காலை எட்டு மணி வாக்கில்தான் பொழுது விடியும். இருட்டிலேயே எழுந்து வரிசையில் நின்று தலை எண்ணிக்கை கொடுக்க வேண்டும். காவலாளியைக் கண்டால் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். சரியாக வளையாதவர் கன்னத்தில் அறை விழும்.

1944 மே மாதத்தில் இவர்களை சைம் ரோடு முகாமுக்கு மாற்றி, சிறையில் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். சைம் ரோட்டில் அத்தாப்பு ஓலைக் கொட்டகைகள், சுற்றிலும் கொஞ்சம் மண். காற்று வந்தது, கீரை போட இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அரிசி குறைந்துவிட்டது.

சாப்பாடு? நமக்கு மொதல்ல அதத்தான் கேக்கத் தோணுது.

அரிசிதான். காலையில் கஞ்சி, அப்புறமும் அரிசியில்தான் ஏதாவது. பல நாள் பட்ட, புழு விழுந்த, தீட்டிய வெள்ளரிசி. ரொட்டியும் கறியும் தின்று பழகிய உடம்புக்கு அதுவே ஒரு தண்டனை. அதைவிடப் பெரிய கேடு தீட்டலில் இருந்தது. தவிட்டில்தான் தயமின் சத்து இருக்கிறது. அது போனதும் பெரிபெரி வந்தது. கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும், நெஞ்சு படபடக்கும். உள்ளே டாக்டர்கள் ஏராளம், மருந்துதான் இல்லை. அவர்கள் கேட்டு வாங்கிக் கொடுத்த மருந்து தவிடு. நாம் மாட்டுக்கு வைப்பதை ஸ்பூனில் அளந்து துரைமார் விழுங்கினார்கள். செம்பனை எண்ணெயும் அப்படித்தான், கண்ணுக்காக.

காய்கறி என்றால் மரவள்ளி, சக்கரவள்ளி, கங்குங் என்கிற வள்ளைக்கீரை. சைம் ரோடு போனபின் ஆளாளுக்குப் பாத்தி கட்டினார்கள். செஞ்சிலுவைப் பொட்டலங்கள் அபூர்வமாக வந்தன, அதிலும் ஒரு பொட்டலத்தைப் பல பேருக்குப் பங்கு வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெண்கள் பகுதியில் எத்தெல் முல்வானி என்ற கனடாக்காரி பசித்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து இல்லாத விருந்து நடத்தினார். ஒருத்தி தன் வீட்டு ரொட்டிக்கு மாவு அளவு சொல்வாள், அடுத்தவள் வாத்து வறுப்பதைச் சொல்வாள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். போருக்குப் பின் 1946-ல் முல்வானி அதைப் புத்தகமாகப் போட்டு, விற்ற பணத்தைத் திரும்பிவந்த கைதிகளுக்குச் செலவழித்தார். இதைப் பள்ளத்தூரில் ஓர் ஆச்சியிடம் சொன்னபோது, "வெறும் வயித்துல பலகாரப் பேச்சுப் பேசினா பசி கூடுமா, அடங்குமா?" என்று கேட்டார். நான் முழித்தேன். "கூடும். ஆனா பேசாம இருக்க முடியாது" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

புருஷன் பொண்டாட்டி சேந்து இருக்க விட்டாங்களா?

இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் சிறுபிள்ளைகளும் ஒரு பக்கம், நடுவே சுவர். ரொம்ப நாளைக்குப் பிறகுதான் அளந்த நேரத்துக்கு ஒருவரையொருவர் பார்க்க அனுமதித்தார்கள். ராணுவத்தில் இருந்த கணவன்மார் போர்க்கைதிகளாகச் சாங்கியிலேயே வேறிடத்தில் இருந்தார்கள். இருக்கிறானா செத்தானா என்பதே தெரியாது.

அதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி தையல். இதுவும் முல்வானியின் யோசனை. ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரும், தன்னை அடையாளம் காட்டுகிற ஏதாவது ஒன்றும் தைக்க வேண்டும். 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் செய்து ராணுவ ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு என்று கொடுத்தார்கள். மூன்றில் ஒன்றை ஜப்பானியக் காயக்காரர்களுக்கு என்று எழுதிவிட்டதால் அனுமதி சுலபமாயிற்று. கட்டிலில் கிடந்தவன் போர்வையைப் பார்த்து "இவள் உயிரோடு இருக்கிறாள்" என்று பெயர் பெயராகப் படித்து அடுத்தவனுக்குச் சொன்னான். இரண்டு போர்வைகள் இன்றும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. கொட்டானுக்கு, அந்த ஓலைக் கூடைக்கு, நூல்வேலை செய்யும் நம் ஆச்சிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பிள்ளைக பொழச்சுதா?

நினைப்பதைவிட நன்றாக. உள்ளே இருந்தவர்களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரும் ஒருவர். குவாஷியோர்கர் என்ற சத்துக்குறை நோயை ஆப்பிரிக்காவில் இருந்தபோது உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். முகாமில் பிறந்த 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால், 20-ம் பிழைத்தன என்று பின்னாளில் எழுதி வைத்தார். அம்மாக்கள் எலும்பாகப் போனார்கள்.

நாள் பூரா என்ன செஞ்சாங்க?

விறகு இழுப்பது, தண்ணீர் சுமப்பது, அரிசி பொறுக்குவது, தோட்டம். அதுபோக, உள்ளே இருந்தவர்கள் நீதிபதி, என்ஜினீயர், வாத்தியார், தோட்டத் துரை, பாதிரியார் என்று படித்த கூட்டம். தங்களுக்குள் தேர்தல் வைத்து நிர்வாகக் குழு அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம், பெரியவர்களுக்குச் சொற்பொழிவு, நாடகம், கச்சேரி, புத்தகசாலை, தட்டச்சில் ஒரு பத்திரிகைகூட. ஒரு டவுனுக்கு உள்ளது எல்லாம் உண்டு, சாப்பாடு தவிர. டவுனுக்கு உள்ள கோள்மூட்டலும் திருட்டும் பதவிச் சண்டையும் உண்டுதான்.

இதெல்லாம் 1943 அக்டோபர் வரைக்கும். அதற்குப் பின் என்ன ஆனது என்பது அடுத்த பதிலில்.

அடிச்சாங்களா? சித்திரவதைன்னு சொல்றாங்களே.

அன்றாட அறையை முன்பே சொன்னேன். பெரிய கொடுமை 1943 அக்டோபர் 10-ல் ஆரம்பித்தது. பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதால் அதற்கு 'இரட்டைப் பத்து' என்றே பெயர். செப்டம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் வந்த சின்னப் படை, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுத் தப்பியது. சிறைக்குள்ளிருந்து யாரோ துப்புக் கொடுத்ததாகக் கெம்பித்தாய் நினைத்தது. உள்ளே ஒளித்து வைத்திருந்த ரேடியோ அகப்பட்டது; கப்பல் விஷயத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

57 பேரைக் கொண்டுபோனார்கள், 15 பேர் செத்தார்கள். சிங்கப்பூர் பிஷப் லெனார்ட் வில்சன் அடிபட்டு மீண்டவர்களில் ஒருவர். டாக்டர் வில்லியம்ஸையும் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெளியே இருந்தவர்களும் தப்பவில்லை: முகாமுக்குப் பணமும் மருந்தும் சேர்த்துவந்த எலிசபெத் சாய் என்ற சீனப் பெண்மணியை 200 நாள் போல அடைத்து வதைத்தார்கள். அதன்பின் முகாமில் சொற்பொழிவு, கச்சேரி, பாடம் எல்லாம் நின்றன. ரேஷனும் வெட்டப்பட்டது.

கடுதாசி வந்துச்சா? எங்க ஆயா மூணரை வருஷம் தபால்காரனைப் பாத்துக்கிட்டே இருந்தாகளாம்.

சாங்கியில் இருந்தவர்கள் அபூர்வமாக ஒரு கார்டு எழுதலாம், அதுவும் 25 சொல்லுக்குள். அது போய்ச் சேர ஒரு வருஷம்கூட ஆகும். நம் பக்கம் அதைவிட மோசம். மலாயா எதிரி கைக்குப் போனதும் இந்தியாவோடு தபால், தந்தி, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) மூன்றும் அறுந்தன. உள்ளே அடைபட்ட துரை 25 சொல் எழுதினார். வெளியே நடமாடிய செட்டியாருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

மாசாமாசம் வரும் பணத்தில் ஓடிய வீடுகள் இவை. பர்மாத் தேக்கில் தூண் வைத்த பட்டாலைக்குக் கீழே, வெள்ளிச் சாமானை அடகு வைத்து அரிசி வாங்கியவர்கள் உண்டு. ஒரு வீட்டில் 1945 நவம்பரில் வந்த தந்தியைப் பார்த்தேன். மடித்து மடித்து நாலு துண்டாகியிருந்தது. அந்த அம்மாள் கடைசிவரை மடியில் வைத்திருந்தாராம்.

சயாம் ரயில் முகாமும் சாங்கி மாதிரிதானா?

ஒப்பிடவே கூடாது. 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டிலும் மலையிலும் வெட்டிப் போட்டார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம், மூணு மாசத்தில் திரும்பலாம் என்று சொல்லி லயத்திலிருந்து, அதாவது தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையிலிருந்து, ஏற்றிப்போனார்கள். பிறகு பிடித்தே போனார்கள்.

சாங்கியில் டாக்டர் இருந்தார், பெயர்ப் பட்டியல் இருந்தது, செத்தவருக்குக் கல்லறை இருந்தது. சயாம் காட்டில் நம் ஜனத்துக்கு இது மூன்றும் இல்லை. காலரா வந்தால் கொட்டகையோடு போனார்கள். நான் சாங்கியைப் பற்றி இவ்வளவு விவரம் சொல்ல முடிவதற்குக் காரணம், உள்ளே இருந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், எழுதியதைக் காப்பாற்ற ஒரு நாடும் இருந்தது.

எங்க ஐயா பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தாரு. முகாம்ல படுத்துக் கெடந்தேம்பாரு.

அது முதல் பதிலில் சொன்ன நாலாவது வகை. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச் 8-ல் ஊரே விழுந்தது. வசதி உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. மற்றவர்கள் தவுங்கப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், கடைசியில் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். சுமார் 5 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். வழியில் இறந்தவர்கள் 10,000 என்றும் அதற்குப் பல மடங்கு என்றும் சொல்கிறார்கள். எண்ண யார் இருந்தார்கள்? அசாம் பக்கத்து முகாம்களில் தேயிலைத் தோட்டக்காரர்கள் கஞ்சியும் ரயில் ஏற்றமும் ஏற்பாடு செய்தார்கள். காலராவும் மலேரியாவும் அங்கேயும் கூடவே வந்தன. உங்கள் ஐயா படுத்துக் கிடந்தது அங்கேதான் இருக்கும்.

பெட்டகத்துல வாழைமரம் போட்ட நோட்டு ஒரு கட்டு இருக்கு. இப்ப என்ன பெறும்?

ஜப்பானியர் மலாயாவுக்கு அச்சடித்த பணம். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பியதும் வெறும் காகிதம். சேகரிப்பவர்கள் ஏதாவது கொடுப்பார்கள், வீடு கட்டும் தொகையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கட்டு அங்கே எப்படி வந்தது என்பதுதான் விஷயம்: போருக்கு முன் நல்ல வெள்ளியில், அதாவது மலாயா டாலரில், வாங்கிய கடனைப் பலர் இந்த நோட்டில் திருப்பினார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த வழக்குகளைத் தீர்க்க 1948-ல் மலாயாவில் தனிச் சட்டமே போட்டார்கள்.

நம்ம பக்கத்துல வெள்ளைக்காரன் யாரையும் அடைச்சு வைக்கலையா?

வைத்தான். ஜெர்மானியரும் இத்தாலியரும் டேராடூனில். மலாயா, சிங்கப்பூரில் இருந்த ஜப்பானியக் கடைக்காரர், போட்டோக்காரர் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி டில்லிப் பழைய கோட்டைக்குள் கூடாரம் போட்டு வைத்தார்கள், பிறகு ராஜஸ்தானத்து தியோலிக்கு மாற்றினார்கள். அதே தியோலியில் 1962 சீனப் போரின்போது இந்தியச் சீனர்களை நாமே அடைத்தோம்.

நஷ்ட ஈடு ஏதாச்சும் கிடைக்குமா?

2000-ல் பிரிட்டிஷ் அரசு, தூரகிழக்கில் ஜப்பானியரிடம் அடைபட்டவர்களில் தகுதியானவர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு என்று அறிவித்தது. சயாம் ரயில் கூலிகளுக்கு அதில் இடமில்லை. மூன்றாவது வகைக்கு, அதாவது தேசிய ராணுவத்தில் இருந்தவர்களுக்கு, இந்திய அரசின் தியாகி ஓய்வூதியம் உண்டு. கிட்டங்கியில் மாட்டிக்கொண்டவருக்கு எதுவும் இல்லை. இதைச் சொல்லும்போது பாதிப் பேர் முகம் வாடும்.

எங்க ஐயாவே "சாங்கி முகாமுக்குள்ள போனேன்"னு சொல்லியிருக்காரு. அப்ப அவரு சொன்னது பொய்யா?

இதுதான் சிக்கலான கேள்வி. அவசரப்பட்டுப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். தேவகோட்டையில் ஒரு வீட்டில் இதே கேள்வி. அத்தாட்சியாக ஒரு எனாமல் தட்டை எடுத்து வந்தார்கள், நீல விளிம்பு, பல இடத்தில் பொத்தல். அடியில் ஆணியால் குத்தின எழுத்துகள். கைதி எண் என்றே குடும்பம் நம்பியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அவர்கள் கடையின் விலாசம், அதாவது கடைப் பெயரின் முதலெழுத்துகள். கிட்டங்கியில் சாப்பிட்ட தட்டு. பேரனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம் அந்த வருஷத்துக் குறிப்பேட்டைப் புரட்டினோம். பார்த்திப வருஷம் புரட்டாசி, அதாவது ஜப்பானியர் சரணடைந்த கையோடு, ஒரு வரி: சைம் ரோடு முகாம் போய்வந்த வண்டிச் சத்தம் (வாடகை), வாழைப்பழம், ரொட்டி, சிகரெட்டு. எதற்குப் போனார் என்பது பேரேட்டில் இருந்தது. கடைக்குப் பற்று வைத்திருந்த ஒரு தோட்டத் துரை அந்த முகாமில் இருந்திருக்கிறார். ஆக, ஐயா முகாமுக்குள் போனது நிஜம். வீட்டில் சாங்கி என்றும் சைம் ரோடு என்றும் பிரித்துச் சொல்ல யாருக்குத் தெரியும்?

பேரேட்டில் அந்தத் துரையின் பக்கத்தில் அசல் அப்படியே இருந்தது. 1942 மாசியிலிருந்து 1945 ஆவணி வரை வட்டிக் கட்டம் மட்டும் காலி. "எழுத மறந்துட்டாரா?" என்று பேரன் கேட்டார். வட்டி எழுத மறந்த செட்டியார் கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.